திருத்தப்படாத படம்

செப்டம்பர் 1, ஞாயிறு

கோகிலவாணி எனக்கு இழைத்திருக்கும் தீங்கை நாள்வாரியாகப் பதிவு செய்வதற்காக மட்டுமே இக்குறிப்பேட்டை இன்று தொடங்குகிறேன். அதற்கு அவர் பதில் சொல்லும் நாளில் இது முடிவடையும்.

நிகழ்வு: நேற்று மாலை 4.10 மணிக்கு ‘உடுமலை அம்மாக்கள்’ என்னும் வாட்ஸாப் குழுவில் அவர் ஒரு குரல் பதிவு இட்டார். குழுவில் 248 பேர். மனைவி வெளியூர் சென்றபின் அவள் இடத்தில் சேர்க்கப்பட்டவன் என்பதால் அதிலுள்ள ஒரே ஆண் நான். பதிவின் நீளம் நாற்பத்திரண்டு நொடி. சொற்களைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்:

“ஏனுங்க, எல்லாரும் கேட்டுக்கோங்க. கிருஷ்ண ஜெயந்திக்கு வேசம் போட்டுப் போட்டோ எடுக்க நம்ம சிகாமணியண்ணன் ஸ்டுடியோவுக்குத்தான் பையனத் தூக்கிட்டுப் போனேன். வேற எங்கியும் நாங்க போகலீங்க. இப்ப மேலெல்லாம் அம்மை போட்டிருச்சு. ஏழு மாசக் கொழந்தைங்க. அங்க யாருக்கோ இருந்திருக்குது. தெரிஞ்சே சொல்லாம உட்டுட்டாங்க. உங்க கொழந்தைகளப் பார்த்து வெச்சுக்கோங்க.”

‘தெரிஞ்சே’ என்ற சொல்லின் கீழ்க் கோடிட்டிருக்கிறேன். அவதூறு முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

என்னைப் பற்றிய விவரமும் பதிவில் இருக்கட்டும். தெய்வசிகாமணி, வயது 39. ஒன்பது ஆண்டுகள் உடுமலை நீதிமன்றத்தில் வழக்கறிஞனாக இருந்தேன். பதவி உயர்வில் மனைவி தேன்மொழிக்கு நாக்பூர் வங்கிக் கிளைக்கு மாற்றலாகியபோது, இப்போது ஆறு வயதாகும் மகள் நறுமுகையையும் மூன்று வயதாகும் மகன் அதியனையும் நானே பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. நீதிமன்ற நேரமும் பள்ளி நேரமும் ஒத்துவரவில்லை. வழக்கறிஞராக இருப்பவர் வேறு தொழில் நடத்தக்கூடாது என்பது விதி. ஆகவே வழக்கறிஞர் உரிமமான சன்னதை முறைப்படி நிறுத்திவைத்து, வீட்டின் முன்னறைகளில் குழந்தைகளை மட்டும் படமெடுக்கும் ஸ்டுடியோவைத் தொடங்கினேன். கோகிலவாணி குழந்தைகளுக்கான கிருஷ்ணர், ஆண்டாள், முருகன் உடைகளைத் தைத்து வாடகைக்கு விடுபவர். மூன்றாண்டுகளாக எனக்கு வாடிக்கையாளர்களை அனுப்பியவர். ஆகவே அவர் சொன்னால் ஊர் நம்பும். அதுவே தீங்கின் அளவை உயர்த்துகிறது.

இன்று மட்டும் ஐந்து பேர் முன்பதிவை ரத்து செய்தனர்.

அதியனுக்கும் வெள்ளிக்கிழமை முதல் அம்மை. வாசலில் வேப்பிலை கட்டி, ஸ்டுடியோவைப் பூட்டியிருக்கிறேன். அதைப் படமெடுத்தும் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 2, திங்கள்

காலையில் நறுமுகைக்குப் பின்னல் போடும்போது இடது பக்கம் உயர்ந்துவிட்டது. மூன்று முறை அவிழ்த்துப் பின்னினேன். பள்ளி வேன் நிற்காமல் போய்விட்டது. நடத்திக் கூட்டிச் சென்றேன். அதியனுக்குச் சொறிய வேண்டும். கைக்குத் துணியுறை மாட்டினால் கழற்றி எறிகிறான். பகல் முழுவதும் வேப்பங்கொழுந்தால் தடவிக்கொண்டிருந்தேன்.

அவன் உறங்கிய ஒரு மணி நேரத்தில் ஆகஸ்ட் 15 அன்று எடுத்த படங்களைத் திறந்தேன். கோகிலவாணியின் குழந்தையை அன்று அறுபத்திரண்டு படங்கள் எடுத்திருக்கிறேன். அவர் சுவரில் மாட்டியிருப்பது பதினேழாவது படம். அதில் கன்னம் வெண்ணெய் போல் இருக்கிறது; நான் திருத்தியது. திருத்துமுன் இருந்த மூலப் படத்தில் இடக் கன்னத்தில் இரண்டு சிவந்த புள்ளிகள் இருக்கின்றன.

மூலப் படத்தை மூன்று இடங்களில் நகலெடுத்து வைத்தேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

வழக்கறிஞர் நண்பர் அருணகிரியின் அலுவலகம். சன்னது நிறுத்தத்தில் இருப்பதால் கோகிலவாணிக்கு அனுப்பும் வக்கீல் அறிவிப்பில் நான் கையெழுத்திட இயலாது. வாசகம் என்னுடையது, கையெழுத்து அவருடையது.

அருணகிரி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏப்பா சிகாமணி, ஒரு துணி தைக்கற பொம்பளைக்கு இத்தனை பக்கமா? பீரங்கி வெச்சுக் கொசு அடிக்கற.”

“அந்தக் கொசு என் பொழப்பக் கடிச்சிருக்குது.”

“செரி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உம்பட பையனுக்கு எப்பக் கண்டுச்சு?”

“ஆகஸ்ட் முப்பது. அந்தக் கொழந்தை வந்துட்டுப் போய்ப் பதினஞ்சாம் நாள்.”

“அப்ப அந்தப் பக்கமிருந்துதான் இங்க வந்திருக்கும்ங்கற?”

“நான் அப்படிச் சொல்லல. தேதியச் சொல்றேன்.”

அவர் சிரித்துக் கையெழுத்திட்டார். மகனைப் பற்றிக் கேட்டார். மகனைப் பற்றிச் சொன்னேன்.

அறிவிப்பின் கோரிக்கை ஒன்றே. பதினைந்து நாட்களுக்குள், அதே குழுவில், அவருடைய சொந்தக் குரலில், ‘நான் சொன்னது பொய்’ என்று அவர் சொல்ல வேண்டும். ‘தவறு’, ‘வருந்துகிறேன்’ போன்ற சொற்கள் ஏற்கப்படா. ‘பொய்’ என்ற சொல் வேண்டும்.

செப்டம்பர் 5, வியாழன்

அறிவிப்பு பதிவு அஞ்சலில் சென்றது. மாலை அதியன் முதல்முறையாக முழு இட்லி ஒன்றைத் தின்றான்.

செப்டம்பர் 6, வெள்ளி

வீட்டு வேலைக்கு வரும் சரசாள் இன்று வரம்பு மீறினார். பாத்திரம் துலக்கியபடியே, வாசல் பக்கம் முகவாயை நீட்டினார்.

“இப்ப மட்டும் கொத்துக் கொத்தா வேப்பலை கட்டியிருக்கீங்க சார். நறு பாப்பாளுக்கு வந்தப்ப நான் கையெடுத்துக் கும்பிடாத கொறையாச் சொன்னேன். கட்டுனா கூட்டம் வராதுன்னீங்க.”

“அது வேர்க்குரு.”

“வேர்க்குருவுக்கா நான் மூணு தண்ணி ஊத்துனேன்?”

“மருத்துவர் யாரும் அதை அம்மைன்னு எழுதிக் குடுக்கல, சரசாள்.”

“டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனாத்தான எழுதுவாங்க? நீங்க சட்டம் படிச்சவிக, என்ன வேணா பேசுவீங்க. மாரியாத்தா படிக்காதவ.”

யாரிடமும் இதைப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கட்டளையிடவில்லை, கேட்டுக்கொண்டேன். “நான் எதுக்குங்க பேசப் போறேன். உங்க ஊட்டுச் சோறு திங்கறேன்” என்றார். துலக்கிய பாத்திரங்களை வழக்கத்தைவிட ஓசையுடன் கவிழ்த்தார்.

ஆகஸ்ட் 12 அன்று நறுமுகையின் கழுத்திலும் முதுகிலும் சில கொப்புளங்கள் இருந்தது உண்மை. காய்ச்சல் 100.2. ஆடி வெயில். அதன் காரணம் மருத்துவ ரீதியாக நிறுவப்படவில்லை. கிருஷ்ண ஜெயந்திக்கு முந்திய இரண்டு வாரங்கள்தான் இந்தத் தொழிலின் ஆண்டு முழுமைக்குமான அறுவடை என்பதும், வீடும் ஸ்டுடியோவும் ஒரே வாசலைக் கொண்டவை என்பதும், முன்பதிவு எழுபத்தொன்று என்பதும் தனிச் செய்திகள். அவற்றை இதனுடன் இணைப்பது ஊகம்.

செப்டம்பர் 8, ஞாயிறு

காலை 11.00 மணிக்கு மூலப் படத்தைக் குழுவில் இட்டேன். கீழே இரண்டு சொற்றொடர்கள்: ‘ஆகஸ்ட் 15, காலை 10.40. திருத்தப்படாத படம்.’ வேறு எதுவும் எழுதவில்லை.

அவ்விரு புள்ளிகளும் கொசுக்கடி என்பதில் எனக்கு ஐயமில்லை. அம்மையாக இருந்திருந்தால் மாத இறுதிக்குள் ஆறியிருக்கும். அவை வேறு எதுவோ என்று நான் எங்கும் சொல்லவுமில்லை.

மதியத்துக்குள் அறுபதுக்கும் மேற்பட்ட செய்திகள். சிலவற்றைப் பெயரின்றிப் பதிகிறேன்.

“அட, அன்னைக்கே மூஞ்சில இருக்குதே!”

“நோவோட தூக்கிட்டுப் போயி வேசம் கட்டி விட்டுருக்கா பாரேன். லைக்குக்கு ஆசை.”

“கண்ணு தெரியாமயா இருந்திருக்கும்? தெரிஞ்சேதான்.”

“கோகிலா, அந்த மயிலிறகுக் கிரீடத்தத்தான நாங்களும் வாடகைக்கு எடுத்தோம்? தொவைச்சியா இல்லியா, அத மொதல்ல சொல்லு.”

கடைசிச் செய்தியை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. ஆனால் அது வந்ததும், எதிர்பார்த்திருக்க வேண்டியது என்று புரிந்தது. நவராத்திரிக்கு அவரிடம் உடைகளுக்குச் சொல்லிவைத்திருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக விலகினர். பத்தொன்பது பேர் என்று எண்ணினேன். எனக்கு ஐந்து, அவருக்குப் பத்தொன்பது.

‘தெரிஞ்சே’ என்ற சொல்லை இன்னொருவர் வாயிலிருந்து அவர் கேட்டிருப்பார். அந்நேரம் அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை மனத்தில் படமெடுத்துப் பார்த்தேன். ஒளி பக்கவாட்டிலிருந்து விழ வேண்டும்.

பிள்ளைகளுக்குப் பிற்பகலில் கேசரி கிளறிக் கொடுத்தேன். “என்னப்பா விசேசம்?” என்றாள் நறுமுகை. ஒன்றுமில்லை என்றேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

கோகிலவாணியின் கணவர் சண்முகராஜ் அழைத்தார். நூற்பாலையில் மேற்பார்வையாளர். இதுவரை என்னுடன் இரண்டு முறை பேசியிருப்பார்.

“சார், நோட்டீஸ் வந்துச்சுங்க. நான் கோயமுத்தூர்ல ஆஸ்பத்திரியில இருக்கறனுங்க. பையனுக்கு அம்மை நெஞ்சுக்குள்ள எறங்கி நிமோனியா ஆயிருச்சுங்கறாங்க. ஐசியூல வெச்சிருக்குது.”

“வருத்தமா இருக்குதுங்க.”

“அதுல பதினஞ்சு நாள்னு போட்டிருக்குதுங்க சார். எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு வாரம் சேத்திக் குடுப்பீங்களா? அவ இப்ப போனையே தொடறதில்லீங்க.”

வருத்தம் தெரிவித்தது எனது உரிமைகளைப் பாதிக்காது. ஏழு நாள் நீட்டிப்புக்கு இசைந்தேன். அந்த வேண்டுகோளை எழுத்து வடிவில் அனுப்பும்படி சொன்னேன்.

அனுப்பினார். எழுத்துப் பிழைகள் நிறைய. ‘தயவு கூர்ந்து’ என்பதை இரண்டு முறை எழுதியிருந்தார்.

செப்டம்பர் 12, வியாழன்

தேன்மொழி காணொளியில் அழைத்தாள். அதியனுக்குப் பொருக்கு உதிர்ந்துவிட்டதைக் காட்டினேன். நறுமுகை குளித்துவிட்டு ஈரத்தலையுடன் குறுக்கே ஓடினாள்.

“இருங்க. அவ முதுக இப்படித் திருப்புங்க. என்ன அது, குழி குழியா?”

“வெயில் கொப்புளம். ஆறிப் போச்சு.”

“எப்ப வந்துச்சு? எங்கிட்டச் சொல்லவேயில்ல?”

“உனக்கு ஆடிட் நடந்துட்டிருந்துச்சு.”

அவள் முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுவந்தாள். பிறகு, “நறு, ஸ்கூல்ல என்ன சொல்லிக் குடுத்தாங்க?” என்று பேச்சை மாற்றினாள். அவள் பேச்சை மாற்றினால் விஷயத்தை எங்கோ எடுத்து வைத்திருக்கிறாள் என்று பொருள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

ஆவணம் முழுமையாக இருக்க வேண்டும். முழுமையற்ற ஆவணம் எழுதியவனுக்கே எதிராகத் திரும்பும். ஆகவே ஆகஸ்ட் 15 நிகழ்வை எழுதுகிறேன்.

நறுமுகையை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தேன். ஐந்து நாட்களுக்கு வெளியே வரக்கூடாது என்று சொல்லியிருந்தேன். (ஏன் சொன்னேன் என்று கேட்கப்படலாம். முன்னெச்சரிக்கை ஒப்புதலாகாது.) 10.15க்குக் கோகிலவாணி குழந்தையுடன் வந்தார். மயிலிறகு, புல்லாங்குழல், மஞ்சள் பட்டு எல்லாம் சரியாக இருந்தன. குழந்தை மட்டும் சிரிக்கவில்லை. இருபத்தைந்து நிமிடங்கள் கிலுகிலுப்பை, பொம்மை, கைதட்டல் எல்லாம் பயன்படவில்லை. உதட்டைப் பிதுக்கியது.

எந்தக் குழந்தையையும் சிரிக்க வைக்க இந்த ஸ்டுடியோவுக்கு ஒரு வழி உண்டு. நறுமுகை என் தோளுக்குப் பின்னால் நின்று ஒளிந்து ஒளிந்து எட்டிப் பார்ப்பாள். மூன்றாண்டுகளாக எங்கள் படங்களிலுள்ள சிரிப்பெல்லாம் அவளைப் பார்த்துச் சிரித்தவை. ஊரில் இத்தனை பேர் எங்களிடம் வருவதற்கு என் விளக்குகள் காரணமல்ல.

“நறுக்குட்டி எங்கீங்ணா? அவ வந்தா இவன் சிரிச்சுருவான்” என்றார் கோகிலவாணி.

அவள் தூங்குகிறாள் என்று சொல்லியிருக்கலாம்.

நான் கதவைத் திறந்து அவளைக் கூப்பிட்டேன். முழுக்கை கவுன் போட்டுவிட்டேன். கழுத்தில் துப்பட்டா சுற்றினேன். அவள் எட்டிப் பார்த்தாள். குழந்தை வாய் திறந்து சிரித்தது. பதினேழாவது படம் அதுதான். பிறகு அவள் ஓடிப்போய்க் குழந்தையின் உள்ளங்கையில் முத்தமிட்டாள். மொத்தம் மூன்று நிமிடங்கள். நான்காகவும் இருக்கலாம்.

இது எதையும் நிறுவாது. குழந்தை வந்த வழியில் எத்தனையோ பேரைக் கடந்திருக்கும்.

செப்டம்பர் 19, வியாழன்

குழந்தை செவ்வாயன்று வீடு திரும்பிவிட்டதாகத் தகவல். இன்று மாலை 5.30க்குக் கோகிலவாணியின் குரல் பதிவு குழுவில் வந்தது. பதினோரு நொடி.

“நான் சிகாமணியண்ணனப் பத்திப் போன மாசம் சொன்னது... பொய்ங்க. அவங்க மேல தப்பு ஒண்ணும் இல்லீங்க.”

நான்கு முறை கேட்டேன். ‘மாசம்’ என்பதற்கும் ‘பொய்’ என்பதற்கும் நடுவே மூச்சு ஒருமுறை அறுபடுகிறது. அறிவிப்பின் கோரிக்கை முழுமையாக நிறைவேறியது. அவர் இனி யாரையும் பற்றி இப்படிப் பேசத் துணியமாட்டார்.

ஐந்தாம் முறை கேட்கும்போது நறுமுகை பின்னால் நின்றிருந்தாள். “கோகிலா அத்தை எதுக்குப்பா அழறாங்க?”

சளி பிடித்திருக்கும் என்றேன்.

செப்டம்பர் 21, சனி

மூன்று முன்பதிவுகள் திரும்ப வந்துள்ளன. வெற்றியை விவரிக்க எண்ணியிருந்தேன். அதற்கு முன் இன்று காலை நடந்ததை எழுத வேண்டும்.

என்னிடமிருந்த தம் உடைகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கோகிலவாணி வந்தார். இடுப்பில் குழந்தை. நெற்றியிலும் கன்னத்திலும் பள்ளங்கள். புன்னகைக்கும்போது ஒன்று இழுபடுகிறது. அதைத் திருத்த ஒரு படத்துக்கு எத்தனை நேரமாகும் என்று என் கண் தானாகவே கணக்கிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை.

“பைய எடுத்துட்டுப் போயிர்றனுங்ணா” என்றார். உடைகளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

நறுமுகை உள்ளேயிருந்து ஓடிவந்தாள். நான் தடுக்குமுன் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டாள்.

“ஐ, பாப்பாவுக்கும் என்னைய மாதிரியே! அத்தை, இங்க பாருங்க.” கவுன் கழுத்தை இழுத்து முதுகைக் காட்டினாள். “எனக்கு ஏழு. சரசக்கா எண்ணுனாங்க. மூணு தண்ணி ஊத்துனாங்க.”

“எப்பக் கண்ணு?” என்றார் கோகிலவாணி. குரல் மிக மெதுவாக இருந்தது.

“கொடி ஏத்தறப்பவே இருந்துச்சு. ஸ்கூலுக்குப் போகல. முட்டாய் எனக்கு மட்டும் இல்ல. அன்னைக்குத்தான பாப்பாவச் சிரிக்க வெக்க அப்பா கூப்புட்டாங்க?”

ஒன்பது ஆண்டுகளில் இவ்வளவு சுத்தமான சாட்சியத்தை நான் கேட்டதில்லை. தேதி, இடம், அறிந்திருந்தமை, அழைத்தவர் யார், எல்லாமே அதில் இருந்தன. குறுக்கு விசாரணைக்கு எதுவுமில்லை.

கோகிலவாணி கத்தவில்லை. பையின் வாயை முடிந்தார். நறுமுகையின் கவுனைச் சரிசெய்துவிட்டார். வாசல் வரை போய்த் திரும்பினார்.

“இவனுக்குக் கண்ட அன்னைக்காவது எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஊரு கேக்கறப்ப எம்பட பையனுக்கு வேற எங்கியோ ஒட்டிக்கிச்சுன்னு நானே சொல்லியிருப்பனுங்ணா. உங்க பொழப்பும் எம்பட பொழப்பும் ஒண்ணுதான?”

போய்விட்டார்.

செப்டம்பர் 23, திங்கள்

குழுவில் எதுவும் இல்லை. அவர் கையில் இப்போது எல்லாம் இருக்கிறது. நானாக இருந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கமாட்டேன். எனது மறுப்பின் வரைவு தயார்: ஆறு வயதுக் குழந்தையின் நினைவு நம்பத்தக்கதன்று, தேதிகளைக் குழப்பிக்கொள்ளும் வயது.

செப்டம்பர் 24, செவ்வாய்

இல்லை.

செப்டம்பர் 25, புதன்

இல்லை. வக்கீல் யாரையேனும் பார்த்திருப்பாரா என்று அருணகிரியிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். “ஜெயிச்சவன் மாதிரியா இருக்கற நீயி? தூங்கறியா இல்லியா?” என்றார்.

செப்டம்பர் 28, சனி

இன்று இரட்டைக் குழந்தைகளுடன் ஒரு தம்பதியர் வந்தனர். நறுமுகை என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். குழந்தைகள் சிரித்தன. படம் நன்றாக அமைந்தது. கிளம்பும்போது அந்தத் தாய் அவள் கழுத்தைத் தொட்டு, “என்ன தங்கம் இங்க தழும்பு?” என்றார்.

நறுமுகை முதலில் என் முகத்தைப் பார்த்தாள். அரை நொடி. பிறகு அவரைப் பார்த்து, “சின்னப் புள்ளையா இருந்தப்ப சுடுதண்ணி பட்டிருச்சு ஆன்ட்டி” என்றாள். தயக்கம் இல்லை. தேதி இல்லை. சரிபார்க்க முடிந்தது எதுவும் அதில் இல்லை.

அவர்கள் போனபின் கேட்டாள்: “செரியாச் சொன்னனாப்பா?”

நான் இதை அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை என்று எழுதத் தொடங்கி, அடித்துவிட்டேன். இந்தக் குறிப்பேட்டில் நான் அடித்த முதல் வரி அதுதான்.

செப்டம்பர் 29, ஞாயிறு

காலை 9.30க்கு நறுமுகையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு குழுவில் பேசினேன். முன்கூட்டி எழுதவில்லை. எழுதினால் நன்றாக எழுதிவிடுவேன்.

“நான் சிகாமணி பேசறேன். ஆகஸ்ட் பதினஞ்சு அன்னைக்கு எம்மகளுக்கு அம்மை இருந்துச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அவள அந்தக் கொழந்தை பக்கத்துல விட்டேன். கோகிலவாணி சொன்னது எல்லாம் நெசம். நான் போட்ட படத்துல இருக்கறது கொசுக்கடி. அவங்க துணிமணில ஒரு குத்தமும் இல்ல. அந்த ரெண்டு வாரத்துல இங்க வந்தவங்க கொழந்தைக்கு ஏதாவது ஆயிருந்தா எனக்குச் சொல்லுங்க.”

நறுமுகை முழுதும் கேட்டாள். “இது தப்பாச் சொன்னீங்களா, செரியாச் சொன்னீங்களா?” என்றாள். செரியா என்றேன்.

அதன்பின் தேன்மொழியை அழைத்தேன். ஆகஸ்ட் 12 முதல் எல்லாவற்றையும் சொன்னேன். “தெரியும். அவ முதுகப் பார்த்த அன்னைக்கே சரசாளுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். நீங்களா எப்பச் சொல்லுவீங்கன்னு பார்த்துட்டிருந்தேன்” என்றாள். வெள்ளிக்கிழமை வருகிறாள். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை.

நண்பகலுக்குள் எல்லா முன்பதிவுகளும் போய்விட்டன. பள்ளி ஆண்டுவிழாவைப் படமெடுக்கும் வாய்ப்பும் போயிற்று. குழுவில் என்னைப் பற்றி எழுதப்பட்டவற்றைப் படித்தேன். பெரும்பாலானவை நியாயமானவை. சிலவற்றுக்கு மனத்துக்குள் மறுப்பும் தயாராயிற்று, பழக்கம். மேலும் இரண்டு தாய்மார்கள் தங்கள் குழந்தைகளுக்கும் வந்ததாக எழுதினர்.

கோகிலவாணியின் பதிலுக்காகவே காத்திருந்தேன். என்னை என்ன சொல்லி வையப் போகிறார் என்று அறிய விரும்பினேன். வைதால் கணக்கு நேராகும் என்று நம்பினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மாலை 4.00 மணிக்கு வந்தது. எழுத்தில்தான், குரலில் இல்லை.

‘நறுக்குட்டிய திட்டாதீங்கண்ணா. அவ ஒண்ணும் பண்ணலை.’

அவ்வளவுதான். வசவாக இருந்திருந்தால் எனக்குப் பதில் எழுதத் தெரிந்திருக்கும்.